பொன்ராஜின் ஓட்டு எந்த ஊரில்?

தியாகராய நகரில் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் போய், "எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பட்டணத்துக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகியிருக்கட்டும், தலை பாதி நரைத்திருக்கட்டும், நாக்கு மட்டும் யோசிக்கவே யோசிக்காது. சாத்தான்குளம் என்பார், நாசரேத் என்பார், திசையன்விளை என்பார். தி. நகர் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. வந்தால் மீசையை எடுத்துவிடலாம். இதிலே யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். பொன்ராஜுக்கு ஒரு ஓட்டு நஷ்டம்.

பொன்ராஜ் இருபது வயதில் மதராஸுக்கு வந்தவன். உஸ்மான் ரோட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி, தனபாலன் முதலாளியின் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு அவனுடையது. பகலெல்லாம் சேலையை விரித்துக் காட்டுவான், விரித்ததை மடிப்பான். கடை சாத்தியதும் மேல்மாடியில் ஜவுளி மூட்டைகளுக்கு நடுவே பாயைப் போட்டுப் படுப்பான். அவனோடு இன்னும் ஏழு பேர், எல்லாரும் தெற்கத்திக்காரர்கள். சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில், குளியல் கொல்லைப்புறக் குழாயடியில். கடிதாசி கடை விலாசத்துக்கு வரும். பெண்டாட்டி தேவானையும் மகள் முத்துக்கனியும் மட்டும் சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஊரில் அவன் அண்ணன் வீட்டோடு இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

அறுபத்தேழாம் வருஷத் தேர்தலுக்கு முதலாளியின் கையைக் காலைப் பிடித்து லீவு வாங்கி, எழும்பூரில் ரயிலேறி ஊருக்குப் போனான். முதல் ஓட்டு. ஊரே வரிசையில் நின்றது, இவனும் நின்றான். உள்ளே உட்கார்ந்திருந்த வாத்தியார் வாக்காளர் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு இவன் பெயர் இல்லை என்றார். நன்றாகப் பாருங்கள் என்றான். நன்றாகப் பார்த்தும் இல்லை. அண்ணன் பெயர் இருக்கிறது, மதினி பெயர் இருக்கிறது, தேவானை பெயர்கூட இருக்கிறது. இவன் ஒருத்தன்தான் இல்லை.

விசாரித்துப் பார்த்தால், பட்டியலுக்குப் பெயர் எடுக்க வந்தவர்களிடம் அண்ணன்தான் சொல்லியிருக்கிறார், தம்பி மெட்ராஸ்காரன் என்று. பாவம், அவர் மனசில் ஒரு கள்ளமும் கிடையாது. பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். தேவானை ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவரை, மூன்று வயசு முத்துக்கனியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான் பொன்ராஜ். ஒவ்வொருவராக விரலைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஊர்க்காரர்களுக்கு இவன் மெட்ராஸ்காரன், மெட்ராஸ்காரர்களுக்கு இவன் ஊர்க்காரன். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். அடுத்த தேர்தலுக்குள் எங்கேயாவது ஒரு இடத்தில் தன் பெயர் ஏறிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினான். எங்கே ஏற வேண்டும் என்பதுதான் புரியவில்லை. சேலை எடுக்க வந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டான். ரேஷன் கார்டு எங்கேயோ அங்கே என்றார் அவர். மெஸ்காரர், நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் என்று அடித்துச் சொன்னார். பெண்டாட்டி பிள்ளை இருக்கிற இடமே வீடு என்றார் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர். கேட்கக் கேட்க அவனுக்குத் தலை சுற்றியது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

எதிர்ச்சாரியில் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு இடத்தில் தையல் மெஷின் போட்டிருந்த வலியுல்லா பாய் மட்டும் வேறு மாதிரி சொன்னார். மூன்று தலைமுறையாக அந்தச் சந்திலேயே இருக்கிற குடும்பம். வீட்டுக்குள் உருது, வாசலுக்கு வந்தால் மெட்ராஸ் தமிழ். எங்கே தூங்கி எங்கே எழுந்திருக்கிறாயோ அங்கே உன் ஓட்டு, பெயர் எடுக்க வீடு வீடாக வருவார்கள், அப்போது சொல்லிவிடு, அவ்வளவுதான் விஷயம் என்றார். பொன்ராஜுக்கு அது ரொம்பச் சுலபமாகப் பட்டது. அவ்வளவு சுலபமாக இருப்பதாலேயே அதில் ஏதோ கோளாறு இருக்கும் என்றும் பட்டது.

எழுபதாம் வருஷம் பெயர் எடுக்க வந்தார்கள். மாநகராட்சிப் பள்ளி டீச்சர் சுப்புலக்ஷ்மி, ஒரு கையில் குடையும் மறு கையில் காகிதக் கட்டுமாக, வியர்த்து விறுவிறுத்துக் கடைப்படி ஏறினார். மேலே யாராவது குடியிருக்கிறார்களா என்று முதலாளியைக் கேட்டார். மேலே குடோன், மூட்டையைத் தவிர ஒன்றும் கிடையாது என்றார் தனபாலன் முதலாளி. அவர் பயம் அவருக்கு. கட்டட பிளானில் மேல்மாடி குடோன் என்றுதான் இருந்தது. ஆட்கள் படுப்பது கார்ப்பரேஷனுக்குத் தெரிந்தால் நோட்டீஸ் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

டீச்சருக்கு என்ன தோன்றியதோ, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பொன்ராஜைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷமாக அவன் காத்திருந்த நேரம் இதுதான். என்ன சொல்ல வேண்டும் என்று பாயிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தான்.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார் டீச்சர்.

"சாத்தான்குளம் பக்கம்மா" என்றான் பொன்ராஜ்.

அப்படியானால் உங்கள் பெயர் அங்கே இருக்கும் என்று சொல்லிவிட்டு டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார். பொன்ராஜ் கையிலிருந்த சேலையை மடித்தான். மடித்ததைப் பிரித்தான், மறுபடி மடித்தான். அப்போதுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான். டீச்சர் எந்தச் சந்தில் நுழைந்தாரோ, ஆளைக் காணோம். வலியுல்லா பாய் மெஷினை நிறுத்திவிட்டு நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை வைத்து அவன் நாக்கை நறுக்கிவிடலாமா என்று யோசிப்பவர் போல அவனைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாச்சி நீ, தெனம் இங்க பல்லு வெளக்கிக்கினு, எவனாவது கேட்டா ஊரு அங்க கீதுன்ற. அவங்க இன்னா செய்வாங்க?"

பொய் சொன்னதாகவும் பொன்ராஜுக்குத் தோன்றவில்லை, நிஜம் சொன்னதாகவும் தோன்றவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பட்டியலை டீச்சரின் பள்ளிக்கூடத்திலேயே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், விட்டுப்போனவர்கள் மனு கொடுக்கலாம் என்று பாய் தகவல் கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொன்ராஜ் ஓடினான். மேஜைக்குப் பின்னால் அதே சுப்புலக்ஷ்மி டீச்சர். இவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஆறாம் நம்பர் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இருபத்தொரு வயசு ஆகிவிட்டதா, வழக்கமாகக் குடியிருக்கும் இடம் எது, கதவு எண் என்ன என்பதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இந்தப் பகுதிப் பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ள இன்னொருத்தரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். வேறெங்கேயும் பெயர் இருக்கக் கூடாது. அது மட்டும் தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றான் பொன்ராஜ்.

பெயர் இல்லாதவன் பெயரைச் சேர்க்கப் பெயர் உள்ளவன் வேண்டும். கடையில் இருக்கிற எட்டுப் பேரில் ஒருத்தனுக்கும் பெயர் கிடையாது. முதலாளிக்கு ஓட்டு அடையாற்றில், அவர் வீட்டு விலாசத்தில். கடைசியில் வலியுல்லா பாய்தான் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டு, எழுத்துக்கூட்டி நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். கதவு எண் என்ற இடத்தில் மட்டும் பொன்ராஜின் பேனா நின்றது. கடையின் எண்ணை எழுதினால் முதலாளி பொய்யர் ஆகிவிடுவார். எழுதாவிட்டால் இவன் எங்கேயும் இல்லாதவன். எழுதினான்.

விசாரணைக்கு வரச்சொல்லி அதிகாரியின் கடிதம் கடை விலாசத்துக்குத்தானே வரும்? தபால்காரர் வழக்கம்போல் கல்லாவில் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதைப் படித்தார். கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று பொன்ராஜ் எதிர்பார்த்தான். அவர் அதொன்றும் செய்யவில்லை. உட்காரச் சொன்னார். அவனுக்குக் காபி வாங்கி வரச் சொன்னார். அதுதான் இவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஓட்டுப் போடத்தானே ஆசை, ஊருக்குப் போய்ப் போடு, லீவும் தருகிறேன், டிக்கெட்டும் எடுத்துத் தருகிறேன் என்றார். ஊரில் பெயர் இல்லை என்றான் பொன்ராஜ். அண்ணனிடம் சொல்லிச் சேர்த்துக்கொள் என்றார். முதலாளி நல்லவர். இவனுக்குக் காமாலை வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். முத்துக்கனி பிறந்ததற்குத் தங்கக் காசு வைத்தவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவன் பொன்ராஜ்.

"ஒன்னை விசாரணைக்குப் போவாதேன்னு நான் சொல்ல மாட்டேன்டே. மாடியில படுக்கப் பிடாதுன்னு கார்ப்பரேசன்காரன் வந்து சொன்னாம்னா, மத்த பயலுவ ஏழு பேரும் எங்க போய்ப் படுப்பானுவ? அதை மட்டும் யோசிச்சுக்கோ" என்றார் முதலாளி.

யோசித்தான். யோசித்து யோசித்துக் குழம்பியதுதான் மிச்சம். ஓட்டு என்பது ஒரு முத்திரை, ஒரு மடிப்பு, ஒரு பெட்டி. அதற்காக ஏழு பேர் படுக்கையை உருவுவதா? போகவேண்டாம் என்று காலையில் முடிவு செய்வான். வேப்பமரத்தடியில் பிள்ளையோடு நின்றது ஞாபகம் வந்துவிடும், போகவேண்டும் என்று சாயங்காலம் முடிவு செய்வான். விசாரணை நாளன்று போவதா வேண்டாமா என்று தெரியாமலே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்து முனைக்கு வந்து நின்றான். பாய் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இல்லாவிட்டால் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பான்.

மாநகராட்சி அலுவலகத்தில் நீளமான பெஞ்சு, மேலே கிறீச்சிடும் மின்விசிறி. அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், ஏகப்பட்ட பேரை விசாரித்துக் களைத்துப் போயிருந்தார். முதலில் பாயைக் கேட்டார். இந்த ஆளைத் தினமும் குழாயடியில் பார்க்கிறேன், என் பெரிய பையன் பிறப்பதற்கு முன்னாலிருந்து பார்க்கிறேன், நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது என்று பாய் அடுக்கிக்கொண்டே போனார். அதிகாரி போதும் என்று கை காட்டிவிட்டு பொன்ராஜ் பக்கம் திரும்பினார். கடை முதலாளி மேலே யாரும் குடியில்லை என்று சொல்லியிருக்கிறாரே என்று கேட்டார். முதலாளி சொன்னது பிளான்படி சரி, நான் படுப்பதும் சரி என்று உளறினான் பொன்ராஜ். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க சம்சாரம், குழந்தை எல்லாம் எங்கே?"

"ஊர்லய்யா."

"அப்போ வீடு அங்கேதானே? இங்கே வேலைக்கு வந்திருக்கீங்க. எனக்கு அப்படித்தானே தோணுது?"

பாய் வாயைத் திறந்தார், அதிகாரி அவரைப் பேசவிடவில்லை. பொன்ராஜ் ஜன்னலைப் பார்த்தான். இந்தக் கேள்வியைத்தான் அவனும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு அலைந்தான். ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. சரியாகச் சொன்ன ஆள் ஒன்று உண்டு, அது அவனுக்கு அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது.

"அய்யா, போன கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். போயி நாலஞ்சு நாளுதான் ஆயிருக்கும். எம் மவ பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, 'யப்பா, நீங்க எப்ப உங்க ஊருக்குப் போவீய?'ன்னு கேட்டா. சின்னப் பிள்ளைய்யா. அவளுக்குத் தெரியுது, எனக்குத்தான் தெரியல."

அதிகாரி படிவத்தின் அடியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாடி குடோனா வீடா என்று பார்ப்பது தன் வேலை இல்லை, ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதுதான் தன் வேலை என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும், வேலை முடிந்ததா, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பொன்ராஜ் கேட்டான். பாய் தலையில் அடித்துக்கொண்டு, முடிந்துவிட்டது, வா, டீ வாங்கிக் கொடு என்றார்.

கார்ப்பரேஷனிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஏழு பேரும் மாடியில் பழையபடி குறட்டை விட்டார்கள். முதலாளி மட்டும் பொன்ராஜோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். சேலைப் பிரிவிலிருந்து அவனை எடுத்துத் துண்டு, கைலி விற்கிற மூலைக்கு மாற்றினார். பட்டுச் சேலை விரித்த கைக்குத் துண்டை உதறிக் காட்டுவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது ஜவுளிக்கடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி செய்ததும் நியாயம் மாதிரிதான் அவனுக்குப் பட்டது.

எழுபத்தொன்றாம் வருஷம் பிறந்ததும் தேர்தல் வந்துவிட்டது. ஒருநாள் ஒரு வேட்பாளர் கொட்டுமேளத்தோடு சந்துக்குள் நுழைந்தார். தனபாலன் முதலாளி ரோஜாமாலையும் கையுமாக வாசலுக்கு வந்தார். வேட்பாளர் மாலையை வாங்கிக்கொண்டு கும்பிட்டார். கூட வந்தவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, இந்தக் கதவு எண்ணில் ஒரே ஓட்டுதான், பொன்ராஜ் யார் என்று கேட்டார். துண்டு மூலையிலிருந்து பொன்ராஜ் எட்டிப் பார்த்தான். வேட்பாளர் முதலாளியைத் தாண்டி உள்ளே வந்து, கைலிக் கட்டுகளுக்கு நடுவே அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பொன்ராஜ் முதலாளியைப் பார்த்தான், முதலாளி மேற்கூரையைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். மறுநாள் காலை, போய்ச் சேலையைப் பாருலே என்று அவனிடம் சொன்னார். மற்றவர்களும் அடுத்த தடவை அந்தப் படிவத்தைப் போடட்டும் என்று கல்லாவைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார்.

ஓட்டுப் போடுகிற அன்றைக்கும் குழப்பத்துக்குக் குறைச்சல் இல்லை. அந்த வருஷம் பார்லிமெண்டுக்கு ஒன்று, சட்டசபைக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு, இரண்டு பெட்டி. எதை எதில் போடுவது என்று வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். உள்ளே ஒருவர் பட்டியலைப் பார்த்து, கட்சி முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படித்தார். பொன்ராஜ், தகப்பனார் பெயர், சந்தின் பெயர், கதவு எண். தன் பெயருக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் தெருவைச் சேர்த்து யாரும் சொல்லி அதுவரை அவன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே நின்றுவிட்டான். ஐயா விரல், விரல் என்று மைக்காரர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முத்திரையைக் குத்தி, ஊதிக் காயவைத்து, சேலை மடிப்பதுபோல் மடித்து, அதிகாரி காட்டிய பெட்டிகளில் போட்டான். வெளியே வந்து சுவரோரம் நின்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, ஆனால் அழுகைதான் வந்தது.

வைகாசியில் கொடைக்கு ஊருக்குப் போனான். நகம் வளர்ந்ததில் மை பாதி நகத்துக்கு மேலே ஏறியிருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது முத்துக்கனி அவன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வயசு ஆகியிருந்தது அவளுக்கு. சோறு போட வந்த தேவானையின் இடது கையையும் இழுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தேவானையும் அதே தேர்தலில்தான் ஓட்டுப் போட்டிருந்தாள். இரண்டு நகத்திலும் மை ஒரே உயரத்தில் இருந்தது.

"உங்க ஊரு மையும் எங்க ஊரு மையும் ஒண்ணுபோலத்தாம்பா இருக்கு" என்றாள் முத்துக்கனி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை அம்மையும் உங்க ஊர்ல வந்து வச்சிக்கிடலாமா?" என்று கேட்டாள்.

சாப்பிடும்போது என்ன பேச்சு என்று தேவானை அவளை அதட்டவில்லை. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.